பெரியவர்களுக்கு ஏ.டி.எச்.டி.: வீடியோவில் காட்டினால் போதுமா?

ஏ.டி.எச்.டி. என்பது கவனம் நிலைக்காமை, துருதுருப்பு. அதற்காக டொக்டரை வீடியோ அழைப்பில் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு நுவரெலியா மாவட்டத்து மனநலக் கிளினிக் ஒன்றின் மிஸி (தாதி) பதில் சொல்கிறார். மருந்தின் அளவை மட்டும் இங்கே கேட்காதீர்கள்.

தலவாக்கலை, டீச்சர்: மிஸி, ஃபோன்ல ஆறு கேள்விக்குப் பதில் போட்டேன். ஏ.டி.எச்.டி. இருக்கலாம்னு வந்துச்சு. இனி மருந்து கேக்கலாமா?

அந்தக் கேள்வித்தாள் சல்லடைதான், தீர்ப்பு இல்லை. டொக்டர் இன்னும் தோண்டுவார்: பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்ததா, வீட்டிலும் வேலையிலும் இடறுகிறதா, ஆறு மாதமாவது நீடிக்கிறதா. தூக்கக்குறைவு, தைரொய்ட், மனச்சோர்வு எல்லாமே கவனத்தைக் கலைக்கும். இருபது நிமிஷ வீடியோவில் 'ஆமா, இருக்கு' என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

மஸ்கெலியா: சின்ன வயசுல எப்படி இருந்தேன்னு யாரைக் கேக்கிறது? அம்மா விடிஞ்சா கொழுந்துக்குப் போயிடும். வளத்த பாட்டியும் இப்ப இல்ல.

எங்கள் பக்கத்தில் பலருக்கும் இதுதான் சிக்கல். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) உங்களைப் பார்த்த ஆயம்மா இருக்கிறாரா? மூத்த அக்கா? பழைய ஸ்கூல் ரிப்போர்ட்டில் 'கவனம் போதாது, வகுப்பில் பேசுகிறான்' என்று டீச்சர் எழுதியிருந்தால் அதையும் படம் பிடித்து அனுப்புங்கள். அம்மாவையும் கொஞ்ச நேரம் அழைப்பில் சேருங்கள். அவர் வேலை முடிந்து வந்தபின் நேரம் கேளுங்கள். லயத்துச் சுவருக்குக் காது உண்டு, அதனால் மனம் விட்டுப் பேச வேண்டிய பகுதிக்கு சிநேகிதர் வீடோ, சிக்னல் உள்ள வேறு இடமோ பாருங்கள். ஒரு விஷயம்: பெண்பிள்ளைகள் பலர் துள்ளித் திரிவதில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருப்பார்கள். யாருக்கும் தொந்தரவில்லை என்பதால் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

ஹட்டன்: சித்தப்பா குடும்பம் இந்தியாவில, கோத்தகிரியில. அங்க உள்ள டொக்டரை வீடியோவில பாத்து மருந்தை அனுப்பச் சொல்லவா?

வேண்டாம். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் அங்கேயும் கட்டுப்பாட்டு மருந்து. 2020இல் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டி, அந்த வகை மருந்துகளை வீடியோ வழியாக எழுதித் தருவதைத் தடுக்கிறது. பார்சலில் இங்கே எடுப்பதும் வம்பு. ஆலோசனை கேட்பதென்றால் கேளுங்கள். மருந்துத்துண்டு (டொக்டர் எழுதித் தரும் சீட்டு) இலங்கை மருத்துவ சபையில் பதிவான டொக்டரிடமிருந்தே வரட்டும்.

பண்டாரவளை: அப்ப எல்லாமே ஒன்லைன்ல முடியாதா?

பேச்சு முடியும், பிரஷர் பார்க்க முடியாது. மெத்தில்ஃபெனிடேட் இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றக்கூடும். தொடங்குமுன்னும் பிறகும் தோட்டத்து டிஸ்பென்சரியில் அளந்து எழுதி வையுங்கள். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் நெஞ்சுவலியால் திடீரென இறந்திருந்தால் டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அடொமொக்ஸெட்டின் இதற்கே கொடுக்கும் வேறு வகை மருந்து; முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரமாகலாம், பத்தே நாளில் 'வேலை செய்யல' என்று நிறுத்தாதீர்கள். காசு கட்டுமுன் கேளுங்கள்: மருந்துத்துண்டின் மூலப்பிரதி எப்படி வரும், எந்த பார்மசி ஏற்கும்?

பதுளை: இந்த மருந்தைக் குடிச்சா அடிமையாயிடுவோமா?

டொக்டர் சொன்ன அளவில், கண்காணிப்போடு என்றால் அந்த ஆபத்து குறைவு. பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பரீட்சைக்கென்று இரண்டு குளிசை கொடுப்பதுதான் ஆபத்து.

வட்டவளை: காசில்லாதவங்க?

அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் பார்க்கக் கட்டணமில்லை. போக முன்பு பேசிப் பார்க்க 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.