முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இரண்டாவதும் சிசேரியன்தானா?

உங்கள் முதல் குழந்தைக்கு இரண்டு வயது இரண்டு மாதம் ஆகிறது என்றும், அது அறுவையில் பிறந்தது என்றும், இப்போது ஐந்தாம் மாதத்தில் இருக்கும் நீங்கள் சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் கோபித்துக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்களைத் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். 2021இல் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு மருத்துவர் முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"போன முறை எதற்காக ஆபரேஷன் செய்தார்கள், கருப்பையை எந்த வாட்டத்தில் வெட்டினார்கள்?" என்று அவர் கேட்டார். "கொடி சுற்றியிருந்ததாம்" என்றேன். என் வயிற்றில் நடந்ததைப் பற்றி நானே 'ஆம்' போட்டுப் பேசியது அவருக்கு உறைத்ததோ இல்லையோ, எனக்கு உறைத்தது. மின்கட்டண ரசீதைக்கூட ஆண்டுவாரியாகக் கோத்து வைக்கும் கணக்கர் நான்; என் உடலை அறுத்ததற்கு மட்டும் என்னிடம் ஒரு தாள் இல்லை.

முதல் பிரசவம் 2017இல், என் தாய்வீட்டு ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. குறித்த தேதிக்கு மேல் இரண்டு நாள் ஆகியும் வலி வரவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது, காத்திருக்க வேண்டாம் என்றார்கள். நான் பச்சை அங்கியை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே என் கணவர் கையெழுத்திட்டார். என் பெரியப்பா ஜோசியரைத் தொலைபேசியில் பிடித்து ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று நேரமும் வாங்கிவிட்டார். அந்த வளாகத்தில் என்னைத் தவிர எல்லோரிடமும் ஏதோ ஒன்று கேட்கப்பட்டது. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளிக்காக வேறொருவர் தரும் ஒப்புதல் செல்லாது என்று 2008ஆம் ஆண்டிலேயே சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததை நான் அறிந்தது வெகுகாலம் கழித்துத்தான்.

அந்த அறுவை தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தையாவது கழுத்தில் கொடி சுற்றியபடிதான் பிறக்கிறது என்பதும், இதயத்துடிப்பு சீராக இருக்கும்வரை அது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. என் மகளின் துடிப்பு அன்று எப்படியிருந்தது என்று எனக்குச் சொல்லப்படவில்லை. ஆகவே எனக்கு அதில் தீர்ப்புச் சொல்லத் தகுதியும் இல்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 விழுக்காடு. இத்தனை பேரில் எத்தனை பேருக்குத் தம் அறுவையின் காரணம் தெரியும் என்ற கணக்கை யாராவது எடுத்தால் நன்றாயிருக்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒரு தாள் தந்தார்கள்தான். அதன் மூலப்படியைக் காப்பீட்டுத் தொகைக்காக அனுப்பிவிட்டேன், நகல் எடுக்கத் தோன்றவில்லை. நான்கு ஆண்டு கழித்துப் போய்க் கேட்டபோது, மூன்று ஆண்டுக்கு மேல் கோப்புகளை வைத்திருப்பதில்லை என்று மருத்துவமனையின் வரவேற்பறையில் இருந்த பெண் சொன்னார். கோபம் வந்தது, ஆனால் விதியும் அதுதான். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் கேட்காமல் விட்ட காலம் என் தவறு. கடைசியில் எங்கள் அலுவலகத்தில் காப்பீட்டு வேலையைக் கவனிக்கும் அண்ணன் ஒருவர் பழைய மின்னஞ்சல்களைக் கிளறி, ஸ்கேன் செய்த நகல் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். அதில் எல்.எஸ்.சி.எஸ். என்று நான்கு எழுத்துகள் இருந்தன.

அந்த நான்கு எழுத்துக்காகத்தான் மருத்துவர் அப்படிக் கேட்டிருக்கிறார். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருக்கிறார்கள் என்பது அதன் பொருள். மேற்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால், அடுத்த முறை வலி எடுக்கவே விடமாட்டார்கள். தழும்பு பிளக்கும் ஆபத்து அதிகம். வயிற்றுத்தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்லவும் முடியாது. கீழே குறுக்காக ஒரே ஒரு முறை வெட்டப்பட்டவர்கள் முயன்றால், நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்குத் தழும்பு பிளக்கிறது. அந்த ஒருவருக்கு நிமிடங்களில் அறுவை செய்தாக வேண்டும். எனவே இரவில் மயக்க மருத்துவரும் இரத்தமும் கைவசம் இல்லாத சிறிய மருத்துவமனை "எங்களிடம் முடியாது" என்று சொன்னால் அதை நேர்மையான பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்; அங்கே சண்டை பிடிக்க வேண்டாம், வேறிடம் பாருங்கள்.

அவர் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து மறுபக்கத்தையும் சொன்னார். முயன்று முடியாமல் அவசரமாகச் செய்யும் அறுவையில், தேதி குறித்துச் செய்யும் அறுவையைவிடத் தொற்றும் சிக்கல்களும் சற்று அதிகம். அதே சமயம் ஒவ்வொரு சிசேரியனுக்கும் பிறகு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடிக்கொண்டே போகும்; ஆகவே இன்னும் எத்தனை குழந்தை வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும் என்றார். என் மாமியார் அதுவரை பேசாமல் இருந்தவர், "இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொல்லலையேம்மா" என்றார். இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும்.

நான் முயல்வது என்று முடிவெடுத்தேன். முப்பத்தொன்பது வாரமும் நான்கு நாளும் ஆனபோது இரவில் வலி தொடங்கியது. விடியும்போது கருப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்திருந்தது. அடுத்த நான்கு மணி நேரம் அதே ஆறு. "வலியைக் கூட்டும் டிரிப்பை ஏற்றினால் தழும்புக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் ஆகலாம், அதை ஏற்ற எனக்கு விருப்பமில்லை, குழந்தையின் துடிப்பு இப்போது நன்றாக இருக்கிறது, அரை மணி நேரம் யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் மருத்துவர். பத்து நிமிடத்தில் அறுவைக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். இந்த முறை படிவத்தை என் கையில் கொடுத்தார்கள். வலிக்கு நடுவே கோணலாக என் பெயரை எழுதினேன். மகன் 3.4 கிலோ.

ஆம், எனக்கு இரண்டும் சிசேரியன்தான். "பிறகு எதற்கு இவ்வளவு கதை" என்று கேட்பவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். அறுவையை வெறுப்பவர்கள் கூட்டத்திலும் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் 2018இல் திருப்பூரில் ஓர் இளம்பெண் இறந்த செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்காதவள் நான். மகளின் பிரசவத்தைப் பற்றி யாராவது கேட்டால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது; மகனுடையதை மணிக்கணக்கோடு சொல்வேன்.

உங்களைப் பொறுத்தவரை, இரண்டு பிரசவங்களுக்கும் இடையில் பதினெட்டு மாதத்துக்கு மேல் இடைவெளி வந்துவிடுகிறது. அது உங்களுக்குச் சாதகம். முதல் பிரசவத்தின் கோப்பு அழிய இன்னும் பத்து மாதம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தாலும், ஆபரேஷன் நோட்ஸ் என்னும் அறுவைக் குறிப்பையும் தனியாகக் கேளுங்கள். வாயால் கேட்காமல் கடிதமாக எழுதி, இரண்டு படி எடுத்துக்கொண்டு போய், உங்கள் படியில் தேதியோடு மருத்துவமனை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 72 மணி நேரம் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு.