கேள்வி – பதில்: மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏரோஸ்பேஸில் பிஎச்.டி.?

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து, கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். திரவமும் வாயுவும் எப்படிப் பாய்கின்றன என்று ஆராயும் பாய்ம இயக்கவியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. ஏரோஸ்பேஸ் படிக்காதவளை எடுப்பார்களா? எம்.இ. கட்டாயமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாக எடுப்பார்கள். எம்.இ.யும் கட்டாயமில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை ஐ.ஐ.டி. இரண்டிலுமே பி.இ. முடித்தவர்கள் நேராக பிஎச்.டி.க்குச் சேர வழி இருக்கிறது, மதிப்பெண் விதிகளை மட்டும் அறிவிப்பில் கவனமாகப் படியுங்கள். பொறியியல் உயர்படிப்புகளுக்கான கேட் (GATE) தேர்வில் பொறியியல் அறிவியல் பேப்பரில் பாய்ம இயக்கவியல் தனிப் பிரிவாகவே உண்டு, ஆனால் எந்தப் பேப்பரை எந்தத் துறை ஏற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பணம்? மத்திய அரசின் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதற்கப்புறம் 42,000.

நிறையப் பேர் நிறுவனத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, கிடைத்த தலைப்பில் ஐந்தாறு வருடம் தள்ளுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் உங்களைத் தூங்கவிடாத கேள்வி எது என்று பாருங்கள், பிறகு அதில் வேலை செய்யும் கைடைத் தேடுங்கள், அவருடைய சமீபத்திய கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு மெயில் எழுதுங்கள். ராக்கெட் எஞ்சினுக்குள் தீயும் ஒலியும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு எஞ்சினையே உடைக்கும் அளவுக்குப் போகுமே, அதைப் படிக்க சென்னை ஐ.ஐ.டி. நல்ல இடம். ஒலியைவிட ஐந்து மடங்குக்கு மேல் வேகம் (ஹைப்பர்சோனிக்) என்றால் இந்திய அறிவியல் கழகத்தின் அதிர்வலைச் சுரங்கங்கள், அங்கே ஒரு சோதனை சில மில்லி வினாடிகளில் முடிந்துவிடும், அதற்குள் அளவெடுத்தாக வேண்டும்! மாதிரிகள் மேல் காற்றை வீசிச் சோதிக்கும் பெரிய காற்றுச் சுரங்கம் வேண்டுமென்றால் கான்பூர் ஐ.ஐ.டி.க்குப் போகலாம். விமானம்தான் என்றில்லை, பாய்ம இயக்கவியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மா பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்தில் மேகம் எப்படி வளர்கிறது என்பதையே ஆய்வகத் தொட்டியில் உருவாக்கிப் பார்த்தார், அதுவும் பாய்ம இயக்கவியல்தான்.

நேர்காணலில், ஓட்டத்தைக் கணக்கிடும் சாஃப்ட்வேரில் எடுத்த வண்ணப் படங்களை நம்பாதீர்கள். பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய அடுக்கான எல்லைப் படலம் ஏன் பிரிகிறது, வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாடு எங்கே செல்லாது என்று கரும்பலகையில் எழுதச் சொல்வார்கள். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை இப்போதே தூசி தட்டுங்கள். பம்புக்குள் நீராவிக் குமிழிகள் உருவாகி உடைந்து, சுழலும் இம்பெல்லரை அரிப்பதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிப் பேசுங்கள், அந்த அனுபவம் கல்லூரியிலிருந்து நேரே வருகிறவர்களுக்குக் கிடையாது.

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஹைப்பர்சோனிக் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறான். அனுப்பலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டண விலக்கும் மாதச் சம்பளமும் சேர்ந்தே வரும், அதில் பயமில்லை. ஆனால் இந்தத் துறையில் பல திட்டங்களுக்கு ராணுவப் பணம், ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் வெளிநாட்டு மாணவர்களை அவற்றில் சேர்க்க முடியாமல் போகலாம். விண்ணப்பிக்கும் முன்பே பேராசிரியரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். ஜெர்மனியையும் பார்க்கட்டும், அங்கே பொறியியலில் பிஎச்.டி. செய்பவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியராகவே சம்பளம் வாங்குவார், ஆனால் முதுகலை முடித்திருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள்.