குதிரை ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது?

அன்புள்ள ஐயா,

46 வயதில் குதிரையேற்றம் கற்க ஆரம்பித்திருக்கிறேன். மூன்று மாதமாகிறது. சவாரியைவிடக் குதிரையோடு ஒரு நெருக்கம் வேண்டும் என்பதுதான் என் ஆசை. பத்து வருடமாகத் தியானம் செய்கிறவள் நான். குதிரை பக்கத்தில் போய்க் கண்ணை மூடி, மூச்சைக் கவனித்தபடி நிற்கிறேன். ஆனால் நான் லாயத்தில் நுழைந்ததுமே எனக்குக் கொடுத்திருக்கும் பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறது. பயிற்சியாளர், "பயத்தைக் காட்டாதீங்க, யார் எஜமான்னு காட்டுங்க" என்கிறார். அவர் உள்ளே வந்தால் அது சிலை மாதிரி நிற்கிறது. ஒரு வீடியோ பார்த்தேன். ஒருவர் குதிரையை வட்டமாக விரட்டிக்கொண்டே இருக்கிறார், கடைசியில் அது அவர் பின்னாலேயே நடந்து வருகிறது. நானும் அப்படிச் செய்து பார்க்கலாமா? அதற்கு என்னைப் பிடிக்கவில்லையா?

பி.கு: பக்கத்துத் தடுப்பில் இருக்கும் கிழட்டுக் குதிரை என்னைப் பார்த்ததும் தொண்டைக்குள்ளேயே மெல்லக் கனைக்கிறது. அது அன்புதானே?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

முதல் வேலையாக, குதிரை பக்கத்தில் கண்ணை மூடி நிற்பதை நிறுத்துங்கள். 500 கிலோ கனம், திடுக்கிட்டால் யோசிக்காமல் துள்ளுகிற உடம்பு. அது நகர்ந்தால் குளம்புக்கு அடியில் இருப்பது உங்கள் கால்விரல்தான். தியானத்தை வீட்டில் முடித்துக்கொண்டு வாருங்கள்.

உங்களைப் பிடிக்கிறதா இல்லையா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். குதிரையின் இடத்திலிருந்து பாருங்கள். இந்த அம்மா உள்ளே வந்தால் அடுத்து என்ன நடக்கிறது? மூன்று மாதமாக ஒவ்வொரு முறையும் முதுகில் சேணம் ஏறுகிறது, வயிற்றுவார் இறுகுகிறது, வாய்க்குள் கடிவாளத்தின் இரும்பு போகிறது, அப்புறம் ஒரு கற்றுக்குட்டி முதுகில் தொப்புத் தொப்பென்று விழுந்துகொண்டே இருக்கிறார். (கோபிக்க வேண்டாம், நானும் அப்படித்தான் விழுந்தேன்.) நானாக இருந்தாலும் சுவர்ப்பக்கம்தான் திரும்புவேன். வலியாகவும் இருக்கலாம். பொருந்தாத சேணம், ஓரம் கூராகிப்போன கடைவாய்ப் பல், வயிற்றுப்புண் எல்லாம் குதிரைகளுக்குச் சகஜமாக வருபவை. வாரை இழுக்கும்போது காதைப் பின்னால் மடக்குகிறதா, திரும்பிக் கடிக்க வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் முதலில் கால்நடை மருத்துவர். நெருக்கமெல்லாம் அதற்குப் பிறகு.

பயத்தைக் காட்டாதே என்ற அறிவுரை எனக்கும் கிடைத்ததுதான். தலைக்கயிறு மாட்டக் கற்றுக்கொண்ட நாட்களில் ஒரு சாம்பல் நிறக் குதிரை என்னிடம் மட்டும் தலையை உயரத் தூக்கிக்கொள்ளும். கை எட்டாது. நான் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, குரலைக் குழைத்துக்கொண்டு நெருங்குவேன். தலை இன்னும் மேலே போகும். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தீவனம் கலந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "சார், மூச்சு விடுங்க" என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. மூச்சை விட்டேன். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. தலை ஒரு சாண் இறங்கியது. கயிறு மாட்ட அது போதுமாக இருந்தது.

ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனை 2009-ல் வெளியானது. குதிரையைப் பிடித்துக்கொண்டு சுமார் 30 மீட்டர் தூரம் நடக்க வேண்டும், சில பேர் ஏறி ஓட்ட வேண்டும். மூன்று முறை சும்மா போய் வந்தார்கள். நான்காவது முறைக்கு முன்னால், "இப்போது நீங்கள் கடக்கும்போது குடையை விரிப்போம்" என்று ஆட்களிடம் மட்டும் சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவில்லை. ஆனால் ஆட்களின் இதயத்துடிப்பு ஏறியது, கூடவே குதிரைகளின் துடிப்பும் ஏறியது. குடை என்று ஒன்று இருப்பதே குதிரைக்குத் தெரியாது. பக்கத்தில் வருகிறவருக்கு ஏதோ சரியில்லை என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது.

அது எவ்வளவு சின்னதைப் பார்க்கும் என்பதற்கு பெர்லினில் இருந்த ஹான்ஸ் என்ற குதிரைதான் பெரிய சாட்சி. கூட்டல் கழித்தல் போட்டு, விடையைக் குளம்பால் தட்டிச் சொல்கிறது என்று ஊரே வியந்தது. 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் குட்டை உடைத்தார். கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்கத் தலையை லேசாகக் குனிவார். சரியான எண் வந்ததும் அவரையறியாமல் தலை மயிரிழை நிமிரும். ஹான்ஸ் தட்டுவதை நிறுத்திவிடும். கேட்டவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருகிறது: இத்தனையும் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலை அசைவை அடக்க முடியவில்லை. ஆகவே பயத்தை மறைக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். பயமாக இருந்தால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். நீளமாக மூச்சை விடுங்கள். முழங்காலைத் தளர்த்துங்கள். மனதை என்னவோ செய்ய வேண்டியதில்லை, உடம்பைக் கவனித்தால் போதும்.

எஜமான் விஷயம். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்கப் படைவீரர் செனஃபோன் இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார். இன்னும் அது எல்லா லாயத்துக்கும் போய்ச் சேரவில்லை. "குதிரை குணமறிந்தல்லவோ தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை" என்று நம் பழமொழி குதிரை மேல் பழி போடுகிறது. கொம்பு கொடுத்திருந்தாலும் அது பெரும்பாலும் ஓடத்தான் பார்த்திருக்கும். ஓட வழியில்லாதபோதுதான் சிக்கல். ஓடியும் பயனில்லை, உதைத்தும் பயனில்லை என்று கற்றுக்கொண்ட குதிரை அப்படியே உறைந்து நின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு அது அடக்கமாகத் தெரியும்.

பயிற்சியாளர் வரும்போது அதன் முகத்தைப் பாருங்கள். காது அசையாமல் இருக்கிறதா? கண்ணுக்கு மேல் தசை இழுத்து முக்கோணமாக மடிகிறதா? வாய் இறுகி மூக்குத்துளை விறைத்திருக்கிறதா? அப்படியானால் அது அமைதி இல்லை. அமைதியான குதிரை சிலை மாதிரி நிற்காது, பேருந்துக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நிற்கும். கீழுதடு தொங்கும், ஒரு பின்னங்கால் குளம்பின் நுனியை மட்டும் ஊன்றி ஓய்வெடுக்கும், காதுகள் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் என்று சோம்பலாகத் திரும்பும்.

வீடியோவில் பார்த்த வித்தையை நீங்கள் செய்ய வேண்டாம். விரட்டுகிறவரை நோக்கித் திரும்பினால் விரட்டல் நிற்கிறது. பின்னால் போனால் தொல்லையே இல்லை. குதிரை கற்றுக்கொள்வது அதைத்தான். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதருக்குப் பதிலாக ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரை வைத்து இதே போலச் செய்து காட்டினார்கள். குதிரைகள் காரிடமும் வந்தன. காரோடு ஆத்ம பந்தம் உண்டாகிவிட்டது என்று யாரும் வீடியோ போடவில்லை.

சரி, என்னதான் செய்வது? அடுத்த வாரம் ஒரு நாள் சேணமே இல்லாமல் போங்கள். குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 டிகிரி கண் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாகச் சாய்வாக நடந்து போங்கள். அது திரும்பிக்கொண்டால் அங்கேயே நின்று, ஒரு அடி பின்வாங்குங்கள். "வேண்டாம்" என்று அது சொன்னது உங்களுக்குக் கேட்டது என்று அதற்குத் தெரிய வேண்டும். அனுமதித்தால், கழுத்து முதுகோடு சேரும் மேட்டுக்குச் சற்று முன்னால் விரல் நுனியால் சொறிந்துவிடுங்கள். தட்டிக்கொடுக்காதீர்கள். குதிரைகள் ஒன்றையொன்று தட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில்தான் அவை பல்லால் ஒன்றுக்கொன்று சொறிந்துவிடுகின்றன. பிரான்சின் காமார்க் குதிரைகளுக்கு மனிதர் கையால் அங்கே சொறிந்துவிட்டபோது இதயத்துடிப்பு குறைந்ததை 1993-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேறு இடத்தில் சொறிந்தபோது குறையவில்லை.

ஐந்து விநாடி சொறிந்துவிட்டுக் கையை எடுங்கள். இந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. தள்ளிப் போனால் போகட்டும். தோளைக் கொண்டுவந்து உங்கள் கைக்கு நேராக வைத்தால் தொடருங்கள். சரியான இடம் கிடைத்துவிட்டால் மேலுதடு நீண்டு கோணிக்கொண்டு ஆடும், பார்க்க ஒரே வேடிக்கை. பதிலுக்கு உங்கள் தோளைப் பல்லால் சொறிய வரலாம். மரியாதைதான், ஆனால் வலிக்கும், கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் இல்லாத மீதி 23 மணி நேரம் அது எங்கே இருக்கிறது? வெளியே விட்டால் நாளில் 16 மணி நேரம்வரை மேயக்கூடிய பிராணி. அதன் வயிற்றில் அமிலம் ஓயாமல் சுரக்கும், அதனால் வாய்க்கு எப்போதும் புல்லோ வைக்கோலோ வேண்டும். கூட இன்னொரு குதிரையும் வேண்டும். தனித் தடுப்பில் இரண்டு வேளைத் தீவனத்தோடு நிற்கிறது என்றால், உங்கள் ஒரு மணி நேரக் கனிவால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதைப் பற்றிப் பயிற்சியாளரிடம் பேசுங்கள். இதமாகப் பேசுங்கள், அவர் இடத்தில் அவர்தானே எஜமான்.

கிழட்டுக் குதிரையின் கனைப்பு பற்றி: குட்டியை அழைக்கும் தாய்க்குதிரையும் அப்படித்தான் மெல்லக் கனைக்கும், தீவன வாளியைப் பார்த்த குதிரையும் அப்படித்தான் கனைக்கும். நீங்கள் உள்ளே போகிற நேரம் எது? தீவனம் போடுகிற நேரத்துக்குப் பக்கத்தில் என்றால், ஒரு நாள் வேறு நேரத்தில் வெறுங்கையோடு போய்ப் பாருங்கள். அப்போதும் கனைத்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.