டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போங்கள், தம்பி

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் சின்ன ஊர் ஒன்றில் டிசைன் இன்ஜினியராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, கூட வேலை பார்க்கிறவர்கள் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை, சைவம் என்பதால் கேன்டீனுக்குப் போகாமல் சீட்டிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிடுகிறேன், இப்படியே ஓட்டிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே லைசென்ஸ், வரி வகுப்பு, வாடகை வீடு என்று ஒரு பட்டியலும் இருக்கிறது.

பட்டியலை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊர் லைசென்ஸ் இங்கே குடிவந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டிலும் பாஸாக வேண்டும். பாதி நாள் போய்விட்டது, இந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் பெயரைக் கொடுங்கள். வரிக்கும் வீட்டுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அந்த டப்பாவைப் பற்றித்தான்.

இப்படியே ஓட்டிவிட முடியாது, தம்பி. நானும் மூன்று மாதம் அப்படித்தான் சாப்பிட்டேன். அதனால்தான் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான் வந்தது 2009 பிப்ரவரியில். கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த இடத்திலிருந்து ஆறு மாதத்துக்கு அனுப்பினார்கள். ஷ்வேபியன் ஆல்ப் மலையடிவாரத்தில் இயந்திர பாகங்கள் செய்யும் கம்பெனி. உலகம் முழுக்கப் பொருளாதாரம் விழுந்திருந்த நேரம் அது. இங்கே 'குர்ட்ஸ்ஆர்பைட்' என்பார்கள்: ஆளை வேலையை விட்டு அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைப்பார்கள், அதனால் குறைந்துபோன சம்பளத் தொகையில் 60 சதவீதத்தை, பிள்ளைகுட்டி இருந்தால் 67 சதவீதத்தை, அரசாங்கம் கொடுக்கும். அந்த வருஷம் மே மாதத்தில் நாடு முழுக்க 14 லட்சம் பேருக்கு மேல் அந்த நிலையில் இருந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வேலைக்கு வந்துபோகிற மனுஷர்கள் நடுவில், அவர்களுடைய டிராயிங் வேலையைக் கற்றுக்கொண்டு போக இந்தியாவிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? இது எனக்கு அப்போது புரியவே இல்லை. திமிர் பிடித்தவர்கள் என்றுதான் நினைத்தேன்.

எதிர் மேசையில் ஒரு பெரியவர். அங்கே முப்பது வருஷ சர்வீஸ். நான் பக்கத்தில் போனால் மேசையில் இருக்கிற டிராயிங்கைக் கவிழ்த்து வைப்பார். இந்த ஓட்டைக்கு ஏன் இவ்வளவு இறுக்கமான டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பு, என்று கேட்டால், "டிராயிங்கில் போட்டிருக்கிறது" என்பார். அளவு டிராயிங்கில் இருக்கும். காரணம் அவர் தலைக்குள்தான் இருந்தது. எனக்கு வேண்டியது அந்தக் காரணம்.

பர்ச்சேஸில் ஒரு துருக்கிக்காரப் பெண் இருந்தாள். 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஜெர்மனி ஆள் எடுத்ததே, 1973இல் நிறுத்தும் வரைக்கும், அப்படி வந்தவர்களில் ஒருவருடைய மகள். ஒரு நாள் என் மேசைக்கு வந்து டப்பாவையும் என்னையும் பார்த்தாள். "எங்கள் அப்பா ஃபவுண்டரியில் பத்து வருஷம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. நீ அவர்களுக்குப் பயப்படுகிறாய். அவர்கள் உன்னைப் பார்த்து, எதையோ மறைக்கிறாள் என்று நினைக்கிறார்கள். எழுந்து வா" என்றாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. கேன்டீனில் 'லின்ஸன் மிட் ஷ்பெட்ஸ்லே', அதாவது பருப்பும் முட்டை மாவில் சீவிப் போட்டு வேகவைத்த நூடுல்ஸும். மேலே நீளமாக ஒரு ஜோடி சாசேஜ் வைப்பார்கள். நான் சாசேஜ் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அவள் என்னை அழைத்துப் போய் அந்தப் பெரியவர் இருந்த மேசையிலேயே உட்கார வைத்துவிட்டாள். மதிய வேளையில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் 'மால்ட்ஸைட்' என்பார்கள், நானும் சொன்னேன். பதிலுக்குச் சொன்னார்கள். அதோடு சரி, கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

பெரியவர் பருப்பின் மேல் வினிகரைச் சுற்றி ஊற்றினார். பாட்டிலை வைக்கப் போனவர் ஒரு கணம் நிறுத்தி என் பக்கம் நகர்த்தினார். நானும் ஊற்றிக்கொண்டேன். பருப்புக்குப் புளிப்பு வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. அப்போது கேட்டார், உங்கள் ஊரிலும் பருப்பு உண்டா என்று.

அரிசிம்பருப்பைப் பற்றிச் சொன்னேன். அரைகுறை ஜெர்மன், அரைகுறை இங்கிலீஷ், நடுவில் அந்தத் துருக்கிக்காரப் பெண். அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகப் போட்டு, சின்ன வெங்காயம் தாளித்து, சூட்டோடு நெய் விட்டுச் சாப்பிடுவோம், வீட்டில் ஆள் அதிகம் வந்துவிட்டால் அம்மா அதைத்தான் செய்வாள் என்றேன். அவரும் தன் பருப்புக் கதையைச் சொன்னார். இந்த மலை மேல் கல் மண்ணில் ஒரு காலத்தில் விளைந்த பருப்பு வகைகள் அழிந்தே போய்விட்டனவாம். 2006இல் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விதை வங்கியில் அந்தப் பழைய விதை கிடைத்து, திரும்பக் கொண்டுவந்து விதைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை அப்போதுதான் முதல் தடவையாக நேராகப் பார்த்தேன்.

அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை, இரண்டு லேத், மூன்று ஆள், மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறார் என்றேன். கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவருடைய அப்பாவும் கடைசல்காரர். இவர் பதினைந்து வயதில் தொழில் பழகச் சேர்ந்தபோது மாதக்கணக்கில் ஒரே வேலைதானாம், இரும்புத் துண்டை அரத்தால் ராவுவது. எங்கள் பட்டறைக்கு வருகிற பையன்களையும் அப்பா அப்படித்தான் பழக்குவார், அரம் பிடிக்கத் தெரியாதவனை லேத் பக்கம் விடமாட்டார் என்றேன். தன் வலது கைக் கட்டைவிரலைக் காட்டினார். நகத்துக்குக் கீழே ஒரு பழைய வெட்டு. எங்கள் அப்பாவுக்கும் அதே இடத்தில் இருக்கிறது.

அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "நீங்கள் திரும்பிப் போனதும் எங்கள் வேலையும் கூடப் போய்விடுமா?"

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும், தம்பி. நம் ஆட்கள் இந்த மாதிரிக் கேள்விக்கு, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சிரித்து மழுப்புவார்கள். மழுப்பினால் தீர்ந்தது, ஆயுசுக்கும் நம்ப மாட்டார்கள். கொஞ்சம் வேலை கோயம்புத்தூருக்குப் போகும், அதற்காகத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள், மேலே என்ன முடிவெடுத்திருக்கிறார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை என்று இருந்ததை இருந்தபடி சொன்னேன். மேசையில் யாரும் பேசவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, இங்கே 'ஃபெஸ்பர்' என்று சிறுதீனி சாப்பிடும் நேரம், வெண்ணெய் தடவிய பிரேட்செல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, அந்த ஓட்டையின் டிராயிங்கை விரித்தார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு லாட் முழுக்க வாடிக்கையாளரிடம் போய் இறுகிக்கொண்டதும், அதிலிருந்து அந்த டாலரன்ஸைக் குறைத்ததும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே பன்னிரண்டு, பதினைந்து வருஷமாக இருக்கும் நம் ஆட்கள் சிலர் கேன்டீனில் தனி மேசை பிடித்து, தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசிக்கொண்டு, 'வெள்ளைக்காரன் நம்மைச் சேர்க்க மாட்டான்' என்று புதிதாக வருகிறவர்கள் காதில் ஓதுகிறார்கள். எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். ஒரு நாளாவது இந்த ஊர்க்காரர்கள் மேசையில் போய் உட்கார்ந்தார்களா? 1983க்கு அப்புறம் அகதியாக வந்த ஈழத்துக்காரர்களைப் பாருங்கள். உங்களுக்கும் எனக்கும் இருந்த விசாவும் வேலைக் கடிதமும் அவர்களுக்கு இல்லை. ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவி நிமிர்ந்தவர்கள். இன்று அவர்கள் பிள்ளைகள் இந்த ஊர்க்காரர்களே அசருகிற மாதிரி ஷ்வேபிஷ், இந்தப் பக்கத்து வட்டார ஜெர்மன், பேசுகிறார்கள், ஹாம் ஊரில் 2002இல் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயிலும் கட்டிவிட்டார்கள். நமக்கு என்ன குறை?

வெறுப்பு வேறு, சந்தேகம் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். வெறுப்போடு பார்க்கிற ஓரிரண்டு பேரையும் நான் பார்த்திருக்கிறேன், எத்தனை வேளை கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் அவர்கள் மாறவில்லை. அவர்களுக்காக மற்றவர்களை விட்டுவிடாதீர்கள்.

சாப்பிடும்போது சம்பளம் கேட்காதீர்கள். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கவே கேட்காதீர்கள். தோட்டம், லீவுக்குப் போன ஊர், நாய், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இதெல்லாம் கேட்கலாம், உங்களுடையதையும் சொல்லுங்கள். வேலைப் பேச்சை மேசையில் அவர்களே எடுத்தால் ஒழிய எடுக்காதீர்கள். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். மற்றவர் பிறந்தநாளுக்கு முதல் நாளே வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள், ஆகாது என்பார்கள். நான் அப்படிச் சொல்லி ஒரு அம்மாவின் முகம் வாடிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. குடிக்காவிட்டால் ஒன்றும் குறையில்லை, ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து வைத்துக்கொண்டு, கிளாஸைத் தட்டும்போது கண்ணைப் பார்த்தால் போதும்.

இங்கே 'ஸீ' என்றால் மரியாதையான 'நீங்கள்', 'டூ' என்றால் நெருக்கமான 'நீ'. எனக்கு அந்தப் பெரியவர் 'ஸீ'யை விட்டு 'டூ' சொல்ல உடனே சம்மதித்துவிடவில்லை. ஆறு மாதத்தில் திரும்பிப் போனேன். 2013இல் புளூ கார்டில், படித்தவர்களுக்கான வேலை அனுமதியில், நேரடியாக அதே இடத்துக்கு வேலைக்கு வந்தேன். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் விருந்தில்தான் எழுந்து வந்து கையை நீட்டி, தன் முதல் பெயரைச் சொன்னார். அப்பா பித்தளையில் கடைந்து கொடுத்தனுப்பிய பம்பரம் ஒன்று என்னிடம் இருந்தது, அதை அவருக்குக் கொடுத்தேன். விரலால் சுண்டி மேசையில் விட்டார். ஆடாமல் அசையாமல் நின்று சுற்றியது. அது சாயும் வரைக்கும் அவர் கண்ணை எடுக்கவில்லை.

இனி உங்கள் சைவம். அது ஒரு தடையே இல்லை. கேன்டீனுக்குச் சொந்த டப்பாவைக் கொண்டுபோவதை என் ஆபீசில் யாரும் தப்பாக எடுத்ததில்லை. ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் அரை மணி இடைவேளை சட்டப்படி உங்களுக்கு உண்டு, அதைச் சீட்டில் கழிக்காதீர்கள். பருப்பு போடுகிற நாளில் மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் பருப்பிலேயே 'ஷ்பெக்', பன்றிக் கொழுப்புத் துண்டு, போட்டு வேகவைப்பார்கள். ஷ்பெக் இல்லை என்றால் 'ஓனே வூர்ஸ்ட், பிட்டே' என்று சொல்லுங்கள், சாசேஜ் இல்லாமல் கொடுப்பார்கள். நூடுல்ஸில் முட்டை உண்டு, அது ஆகாதென்றால் பருப்பை மட்டும் வாங்கி உங்கள் டப்பா சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொள்ளுங்கள். வினிகர் பாட்டில் மேசையிலேயே இருக்கும்.