மேடை ஏறும் முன்: வாசகர் கேள்விகளுக்குக் கோத்தகிரி டீச்சர் பதில்கள்

கேள்வி: கல்லூரிப் பேச்சுப்போட்டியில் நீலகிரி மலை ரயில் பற்றி ஏழு நிமிடம் பேச வேண்டும். இருபது பக்கம் குறிப்பு சேர்த்துவிட்டேன். எதை வைப்பது, எதை விடுவது? – மாணவி, குன்னூர்

ஏழு நிமிடத்துக்கு இருபது பக்கமா! அந்த ரயிலே மேட்டுப்பாளையத்தில் கிளம்பி ஊட்டி வந்து சேரக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அதையும் மிஞ்சிவிடுவீர்கள் போலிருக்கிறது.

உங்கள் குறிப்பில் என்னென்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை, 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள், 2005இல் யுனெஸ்கோ பட்டியல். எல்லாம் சரிதான். ஆனால் வரிசையாக ஒப்பித்தால் நடுவர் காதில்கூட ஒன்றும் தங்காது. தகவல் சொல்லும் பேச்சுக்கு ஒரே ஒரு ‘எப்படி’ போதும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்குமே, இந்த ரயில் மட்டும் எப்படி மலை ஏறுகிறது? இந்த முடிச்சைப் போட்டுவிட்டு, ஏழு நிமிடமும் அதை அவிழ்த்துக்கொண்டிருங்கள்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரையான ஏற்றம் அதிகபட்சம் 12க்கு 1. இதை வெறும் வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது. ஓர் அடி ஸ்கேலை மேசைமேல் வைத்து, ஒரு முனையை ஓர் அங்குலம் தூக்கிப் பிடியுங்கள். ‘இவ்வளவுதானா’ என்று பார்ப்பார்கள். அதன்மேல் ஒரு கோலிக்குண்டை வையுங்கள், கடகடவென்று உருளும். அப்புறம் பையிலிருந்து இரண்டு சீப்பு எடுங்கள். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். சீப்புகளை ஒட்டிவைத்து ஒன்றை அரைப் பல் தள்ளிப் பிடித்தால் பார்க்கிறவர்களுக்கே விளங்கிவிடும்: என்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரத்துக்கு எந்த நேரமும் கவ்வ ஒரு பல் கிடைக்கிறது. இதற்கு ஆப்ட் முறை என்று பெயர். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். பொருள் புரிந்த பிறகு வரும் பெயர்தான் நிற்கும்.

இன்னொன்று. மலை ஏறும்போது என்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ‘ஏன்?’ என்று சபையைக் கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். யாராவது ஒருவர், ‘கொக்கி அறுந்தா பெட்டி கீழே ஓடிடாம இருக்க’ என்பார். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கேட்ட அடுத்த விநாடியே பதிலையும் சொல்லிவிடுவது மட்டும் வேண்டாம்.

வருடங்களில் இரண்டு போதும். மீதிப் பதினெட்டுப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், நடுவர் கேள்வி கேட்டால் உதவும்.

கேள்வி: மேடையில் பாதியில் மறந்துபோகிறது. கை நடுங்குகிறது. மனப்பாடம் செய்ய நல்ல வழி உண்டா? – வங்கி ஊழியர், ஊட்டி

மனப்பாடமே செய்யாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் பல வருஷம் நானே பிள்ளைகளுக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை மாவட்டப் போட்டிக்குத் தயார்செய்தேன். ‘அவைக்குத் தலைமை தாங்கும் ஆன்றோரே’ என்று தொடங்கி, கடைசி நன்றி வரை நான் எழுதியதுதான். எந்தச் சொல்லில் கையை உயர்த்த வேண்டும் என்பதுகூடச் சொல்லிக்கொடுத்திருந்தேன். போட்டி நடந்த கூடத்துக்குத் தகரக் கூரை. அவள் மூன்றாவது பத்திக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு சொல் தவறியது. அவளுக்குத் தெரிந்த ஒரே வழி முதலிலிருந்து தொடங்குவது. தொடங்கினாள். அதே இடத்தில் நின்றாள். மறுபடி ‘அவைக்குத் தலைமை தாங்கும்…’. மூன்றாம் முறை அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை.

இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் நான்கு நிறுத்தம். ஒரு சின்ன அட்டையில் நான்கு சொல், கொட்டை எழுத்தில். பஸ் டிரைவருக்கு அடுத்த ஸ்டாப் எது என்று தெரிந்தால் போதும், வழியில் இருக்கும் மரத்தையெல்லாம் எண்ணிவைக்க வேண்டியதில்லை. ஒத்திகை பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள், எழுந்து நின்று, சத்தமாக, கடிகாரத்தை வைத்துக்கொண்டு.

கை நடுக்கமா? ஊட்டியில் ஜனவரி மாதம் யாருக்குத்தான் கை நடுங்கவில்லை? ஏ4 தாளைப் பிடிக்காதீர்கள், அது நடுக்கத்தை ஊருக்கே காட்டும். அட்டை காட்டாது. ஏறுவதற்கு முன் சுடுதண்ணீர் குடியுங்கள்.

கேள்வி: பள்ளி வளைவிலிருந்து பஸ் நிறுத்தம் வரை எங்கள் ஊரில் விளக்கு இல்லை. இருட்டினால் கரடி நடமாட்டம். அக்டோபர் 2 கிராம சபையில் பேசப்போகிறேன். உணர்ச்சியாகப் பேசினால் எடுபடுமா? – இல்லத்தரசி, கோத்தகிரி அருகே

உணர்ச்சி இருக்கட்டும் அம்மா, முதலில் உங்கள் பேச்சின் கடைசி வாக்கியத்தை எழுதுங்கள். ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்றுதானே எழுதினீர்கள்? அடித்துவிடுங்கள், அதில் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. ‘பள்ளி வளைவிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நான்கு தெருவிளக்கு போட இந்தச் சபை இன்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.’ இப்படி இடம், எண்ணிக்கை, யார், எப்போது என்று எல்லாம் அதில் வந்துவிட வேண்டும். தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு. அதனால் சரியான இடத்தில்தான் கேட்கிறீர்கள்.

நானும் ஒருமுறை குப்பை பற்றி ஒரு கூட்டத்தில் பேசினேன். ‘நாம் திருந்துவது எப்போது’ என்று கால் மணி நேரம் எல்லோரையும் விளாசித் தள்ளினேன். நல்ல கைதட்டல். மறுநாள் காலை அதே மூலையில் அதே குப்பை. நான் யாரிடமும் எதையும் கேட்கவே இல்லை, திட்டத்தான் செய்தேன் என்பது வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் உறைத்தது.

ரயில் பற்றிப் பேசும் பெண்ணுக்கு எதிர்க்கட்சி கிடையாது. உங்களுக்கு உண்டு. ‘காசு எங்கே?’ என்று ஒருவர் கேட்பார். ‘விளக்குக்குக் கரடி பயப்படுமா?’ என்று இன்னொருவர் சிரிப்பார். அவர்கள் வாய் திறக்கும் முன் நீங்களே அதை எடுத்துவிடுங்கள். ‘விளக்கு கரடியை விரட்டாது. அது நிற்பது தூரத்திலேயே நம் கண்ணில் படும், அவ்வளவுதான். ட்யூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கு அது போதும்.’ மிகைப்படுத்தவும் வேண்டாம். ‘தினமும் வருகிறது’ என்பீர்கள், ‘போன வாரம் வரவே இல்லையே’ என்று ஒரு குரல் வந்தால் அத்தோடு உங்கள் பேச்சு முடிந்தது. இன்றிலிருந்தே தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்னால் எழுதிவையுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், யார் பார்த்தார்கள். அந்தத் தாள்களைக் கையோடு கொண்டுபோய் மேசைமேல் ஒவ்வொன்றாக வையுங்கள்.

1930களில் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் மன்றோ இப்படிப்பட்ட பேச்சுக்கு ஒரு வரிசை வகுத்தார். கவனத்தைத் திருப்பு, குறையைக் காட்டு, தீர்வைச் சொல், அது நடந்தால் எப்படி இருக்கும் என்று கண்முன் நிறுத்து, கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்று கேள். நம் ஆட்கள் நான்காவதைத்தான் எப்போதும் விட்டுவிடுகிறார்கள். ‘மணி ஏழு. பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்குகிறது. வளைவு வரை பாதை தெரிகிறது. டார்ச்சுக்கு செல் வாங்கும் செலவு இல்லை.’ உங்கள் உணர்ச்சிக்கு இடம் இங்கேதான், அரை நிமிடம்.

மூன்று நிமிடத்தில் முடியுங்கள். ‘ஆமாம், நானும் பார்த்தேன்’ என்று எழுந்து சொல்ல இரண்டு பேரிடம் முன்பே பேசிவையுங்கள், அதில் ஒருவர் உங்கள் தெருக்காரராக இல்லாமலிருந்தால் நல்லது. அக்டோபரில் நம் பக்கம் மழைக்காலம், கூட்டம் தகரக் கூரைக்கு அடியில் என்றால் மழையோடு போட்டி போட்டுக் கத்தாமல் நின்றுவிடுங்கள், விட்ட பிறகு தொடரலாம். தீர்மானம் புத்தகத்தில் எப்படி எழுதப்பட்டது என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ‘நான்கு’ என்பது ‘போதிய’ என்று மாறியிருக்கும், ஜாக்கிரதை.

போன இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நவம்பர் 1இல் மறுபடி சபை கூடும். அதே காலண்டர் தாள்கள், கூடவே இன்னும் ஒரு மாதத்துத் தாள்கள்.

கேள்வி: வீட்டில் படுகு மொழிதான். மேடைத் தமிழ் எனக்குச் செயற்கையாக வருகிறது. – ஆசிரியப் பயிற்சி மாணவர், கோத்தகிரி

பக்கத்து வீட்டு அக்காவிடம் கடையில் பேசும் தமிழ் செயற்கையாக வருகிறதா? வராது. அதையே கொஞ்சம் நிதானமாக, வாக்கியத்தை முடித்துப் பேசுங்கள். அடுக்குமொழியெல்லாம் அதில் பழகியவர்களுக்கு. பேச வேண்டியதை முதலில் படுகிலேயே யோசித்து உங்கள் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். பாட்டி எந்த இடத்தில் ‘என்ன?’ என்று கேட்கிறாரோ அங்கே கோளாறு தமிழில் இல்லை, விஷயத்தில்.

கேள்வி: ஜோக் சொல்லித் தொடங்கலாமா? – வாசகர், கூடலூர்

உங்கள் வீட்டில் நீங்கள் சொன்னால் சிரிக்கிறார்களா? சிரிக்கிறார்கள் என்றால் சொல்லுங்கள். வாட்ஸப்பில் வந்தது வேண்டாம், அது அவர்களுக்கும் வந்திருக்கும்.