அக்கம்பக்கப் பன்முகக் குறியீடு: பங்குகளைக் கூட்டினால் 128% வருவது ஏன்?

பன்முகக் குறியீட்டை (தற்செயலாக எடுத்த இருவர் வெவ்வேறு பிரிவினராக இருக்கும் வாய்ப்பு) கணக்கிட, உங்கள் பகுதியின் மக்கள் பங்குகளைக் கூட்டினால் 128% வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட) மக்களை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள், அதனால்தான் 128%. அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்பில் இனம் ஒரு கேள்வி, ஹிஸ்பானிக் பூர்வீகம் தனிக் கேள்வி. ஒருவரே வெள்ளையராகவும் ஹிஸ்பானிக்காகவும் பதிவாகியிருப்பார். கணக்கெடுப்பில் இனத்தை மட்டும் காட்டும் பி1 (P1) அட்டவணையின் எண்களோடு ஹிஸ்பானிக் 28%-ஐயும் சேர்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

அதே கணக்கெடுப்பின் பி2 (P2) அட்டவணைக்கு மாறுங்கள். அதில் ஹிஸ்பானிக் முதலிலேயே தனியாகப் பிரிந்துவிடும். மற்றவர்கள் இனவாரியாக 7 பிரிவு. ஆக மொத்தம் 8. ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தாருக்கு மொத்த வரியை மட்டும் எடுங்கள். அதன் கீழே வரும் உட்பிரிவு வரிகளையும் கூட்டுவதுதான் பலர் செய்யும் அடுத்த தவறு.

கூட்டுத்தொகை 100% வந்தபின், சதவீதங்களைத் தசமமாக்கி வர்க்கப்படுத்திக் கூட்டி, 1-இலிருந்து கழியுங்கள். 40, 30, 20, 10 என்றால் 0.16 + 0.09 + 0.04 + 0.01 = 0.30, குறியீடு 0.70. எட்டுப் பிரிவுக்கு உச்சம் 0.875. அதைத் தாண்டினால் பிழை உறுதி.

2010-உடன் ஒப்பிடும்போது கவனம். பதில்களை வகைப்படுத்திய முறை 2020-இல் மாறியது. ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தாராகப் பதிவானவர்கள் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். குறியீடு ஏறியது முழுக்கப் புதிதாகக் குடிவந்தவர்களால் என்று எழுதிவிடாதீர்கள். 0.70 வந்தாலும், தெருவுக்குத் தெரு மக்கள் பிரிந்தே வாழலாம். இந்த எண் அதைக் காட்டாது.