ரோபோட்டிக்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்

வணக்கம் சகோதரி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பினாங்கின் பிறையில் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, கூடப் படிக்கும் நாலு பிள்ளைகள் ரோபோட்டிக்ஸ் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள், இவன் மட்டும் பின்தங்கிவிடுவானோ என்று தூக்கமே வரவில்லை என்கிறீர்கள். கணவர் பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலையில் டெக்னீஷியன், ஆனால் கோடிங் (கணினிக்குக் கட்டளை எழுதுவது) தெரியாததால் அவரால் உதவ முடியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எட்டு வயதில் யாரும் பின்தங்கிவிடுவதில்லை. இப்போது கற்கும் கருவி அவன் வேலைக்குப் போகும்போது இருக்குமா என்பதே சந்தேகம். லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ செட் 1998-இல் வந்தது, எத்தனையோ பிள்ளைகள் அதில்தான் ரோபோ பழகினார்கள், 2022 முடிவோடு அதை நிறுத்தியேவிட்டார்கள். அதனால் எந்தக் கருவி என்பதைவிட அதை வைத்து என்ன பழகுகிறான் என்பதுதான் முக்கியம்.

சிறு பிள்ளைக்கு ரோபோ வழியாகக் கோடிங் சொல்லித் தருவது புதிய யோசனை இல்லை. 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் சிந்தியா சாலமனும் வாலி ஃபூர்சைக்கும் பிள்ளைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள், அப்புறம் அந்த மொழியில் கட்டளை கொடுத்தால் தரையில் ஊர்ந்துபோகும் ஓர் ஆமை ரோபோவும் வந்தது. சதுரம் போட வேண்டுமென்றால் முன்னே போ, 90 பாகை திரும்பு, இதையே நாலு தடவை செய். கோடு கோணலாகப் போனால் பிள்ளை தானே எழுந்து ஆமை மாதிரி நடந்து பார்த்து, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கும். திரையில் இருக்கும் தப்பைத் தேட வேண்டும், தரையில் ஓடும் ரோபோவின் தப்பு கண் முன்னே நிற்கும். சின்ன வயதில் ரோபோ உதவுவது இதனால்தான்.

பட்டர்வொர்த்தில் ஒரு வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான்காம் ஆண்டுப் பெண் பிள்ளை, வெள்ளைப் பலகையில் கறுப்பு டேப் ஒட்டி, அந்தக் கோட்டைப் பிடித்துப் போகும் ரோபோ செய்திருந்தாள். அடியில் இருக்கும், திரும்பி வரும் வெளிச்சத்தை எண்ணாகக் காட்டும் ஒளி சென்சார் வெள்ளைக்கு 70-ஐ ஒட்டியும் கறுப்புக்கு 10-ஐ ஒட்டியும் காட்டியதால், 40-க்குக் கீழே வந்தால் கோடு என்று எழுதியிருந்தாள். மூன்று மணிக்கு ஒழுங்காக ஓடியது, நாலரைக்கு அதே வளைவில் தடம் மாறி மேசை விளிம்புக்குப் போய்விட்டது. அவள் அழவில்லை, ஆசிரியரையும் கூப்பிடவில்லை. ரோபோவைக் கோட்டின் மேல் வைத்து எண்ணைப் பார்த்தாள், 52. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாலை வெயில் நேராக டேப்பில் விழுந்து பளபளத்தது. உள்ளங்கையால் நிழல் கொடுத்ததும் எண் இறங்கியது! அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வெட்டி சென்சாரைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒட்டினாள், ரோபோ மறுபடியும் ஓடியது. அந்த ஆசிரியர் கடைசி வரை கையை நீட்டவே இல்லை, அதற்காகவே அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

இன்னொரு மையத்துக்கும் போயிருந்தேன், பெயர் வேண்டாம். படம் போட்ட புத்தகத்தைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் ஒரே ரோபோவைக் கட்டினார்கள், கோடிங் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தது, ஓடாத ரோபோவை ஆசிரியர் வாங்கிச் சரிசெய்து கொடுத்தார், கடைசியில் சான்றிதழோடு ஒரு போட்டோ. பெற்றோர் சந்தோஷமாகப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அந்தப் பணத்தின் அருமை எனக்குத் தெரியும்.

அதனால் சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ரோபோ ஓடாதபோது அது யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். உட்கார்ந்து பார்க்க விடமாட்டோம் என்றால் அந்த இடம் வேண்டாம்.

இப்போது உங்கள் கணவர் விஷயம். 1972-இல் கணினிச் சில்லு செய்யும் இன்டெல் இங்கே ஆலை போட்ட காலத்திலிருந்து பினாங்கில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்த மின்னணுத் தொழிலை நம்பி வாழ்கின்றன. ஆலையில் உற்பத்தி லைன் நின்றுபோனால் ஒரு டெக்னீஷியன் என்ன செய்வார்? முதலில் கரண்ட் வருகிறதா, அடுத்து கேபிள், அடுத்து சென்சார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார். அந்தப் பெண் பிள்ளை செய்ததும் அதுவேதான். கோடிங் வேலையில் பெரும் பங்கு இப்படித் தப்பைத் தேடுவதுதான், அதை உங்கள் வீட்டில் ஒருவர் தினமும் செய்துகொண்டிருக்கிறார். நேற்று ஷிஃப்டில் எது பழுதானது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சாப்பிடும்போது மகனிடம் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

செலவு பற்றிக் கேட்டீர்கள். ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் போகும் செட் இப்போது வேண்டவே வேண்டாம். கட்டளைக் கட்டங்களை அடுக்கிக் கோடிங் பழகும் ஸ்கிராட்ச் மென்பொருள் இலவசம், 8 வயதிலிருந்து பழகலாம், தம்பி தங்கை இருந்தால் 5 முதல் 7 வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் படக்கட்டங்கள் போதும். அடுத்த வருடம் ஆசை தொடர்ந்தால் மைக்ரோபிட் வாங்குங்கள். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கணினி அட்டை, 25 சின்ன விளக்கு, இரண்டு பொத்தான், அசைவை அறியும் சென்சார். 2016-இல் பிரிட்டனில் ஏறக்குறைய ஒரு மில்லியன் மாணவர்களுக்கு இதை இலவசமாகவே கொடுத்தார்கள். வாங்குவதற்கு முன்பே மேக்கோட் என்ற இணையதளத்தில் அதற்கான கோடிங்கை எழுதித் திரையிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

பள்ளியில் நான்காம் ஆண்டு வந்தால் ஆர்.பி.டி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடம் இருக்கிறது, ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம் தேர்வில் கணினி அறிவியலும் எடுக்கலாம். அதுவரை கணிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரோபோ வகுப்புக்காகக் கணித டியூஷனை நிறுத்தப் போவதாக எழுதியிருந்தீர்கள், அதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

இந்தச் சனிக்கிழமை ஒன்று செய்யுங்கள். மகன் மைலோ கலக்கும் முறையைத் தாளில் ஒவ்வொரு படியாக எழுதட்டும், அப்பா ரோபோவாக நின்று எழுதியதை மட்டும் செய்யட்டும். "தூளைப் போடு" என்று எழுதினால் டின்னோடு அப்படியே கிளாஸில் வைக்கட்டும். அவன் சிரித்துவிட்டுத் தாளை வாங்கித் திருத்தி எழுதுகிறானா, இல்லை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்கிறானா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். வகுப்பில் சேர்ப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.